சண்டு வத்தல் நிறத்தில் ஒரு பெஞ்சு

பூமயிலின் ரெண்டரை ஏக்கர் தரிசு நிலம் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது ஒரு மே மாதத்தில். ராமநாதபுரம் சீமையில் மே மாதம் எந்த நிலம்தான் தரிசாக இல்லை? ஐப்பசியில் மழை விழுந்தால் விதைப்பார்கள், தையிலிருந்து மிளகாய் பறிப்பார்கள், சித்திரை தாண்டினால் ஆடுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. சிக்கல் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியும். அளக்க வந்த அதிகாரிக்குத் தெரியவில்லை. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, வெடித்துக் கிடந்த மண்ணைப் படம் எடுத்து, 'சாகுபடி இல்லை, ஆளும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். ஆள் அந்த நேரத்தில் வீட்டில் அவருக்காக மோர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் நோட்டீஸ் வந்தது. அப்போது செடி முழங்கால் உயரத்தில் பூவும் பிஞ்சுமாக நின்றது. மேற்படி ஆளில்லாத் தரிசை ஒரு சூரிய மின்சாரக் கம்பெனிக்கு ஒதுக்க உத்தேசித்திருப்பதாக நோட்டீஸ் சொன்னது. ஆட்சேபம் உள்ளவர் கடலோர நிலத் தீர்வு மையத்துக்கு வந்து மூன்று விசாரணைகளில் நேரில் ஆஜராகலாம். ஒவ்வொரு விசாரணையிலும் மூன்று முறை பெயர் கூப்பிடப்படும். மூன்று விசாரணையிலும் ஆஜராகாவிட்டால் ஆளில்லை என்பது உறுதியாகிவிடும்.

"மூணு தடவ போயி நின்னா முடிஞ்சுபோச்சு" என்றாள் பூமயில். புருஷன் செத்து ஐந்து வருஷமாகத் தனியாக வெள்ளாமை பார்க்கிறவள். போய் நின்றால் ஆள் தெரியும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல முடியாது. ஐம்பத்திரண்டு வருஷமாக அவள் நின்ற இடத்திலெல்லாம் தெரிந்துதான் இருக்கிறாள்.

"நானும் வாரேம்மா" என்றாள் மகள் மாரிச்செல்வி.

"நீ வந்துட்டா மொளகாக் காட்டுக்கு யாரு காவல்? மயிலும் பன்னியும் பத்தே நிமிசத்துல அரசாங்கம் எழுதுனத நெசமாக்கிப்பிடும். நீ இங்கன இரு."

நிலத் தீர்வு மையம் திருப்பாலைக்குடிக்கு இந்தப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கடலைப் பார்த்து நிற்கிறது. சிக்கலிலிருந்து ரெண்டு பஸ் மாற வேண்டும். அந்தக் கட்டடத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பூமயிலுக்கு நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். சொன்ன பிறகு நம்புவீர்களா என்பது உங்கள் பாடு.

கட்டடம் கட்டி முடித்ததும் வெளிச்சுவருக்கு ஒரு நிறம் பூசினார்கள். சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் அதற்குக் 'கடற்சாந்தம்' என்று பேர் வைத்தார். மிளகாய்க்காரர்கள் கண்ணுக்கு அது சண்டு வத்தல் நிறம். பனியில் நனைந்து வெயிலில் வெளுத்துச் சாயம் போன மிளகாயைச் சண்டு என்று தனியாக ஒதுக்குவார்கள். சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை, செத்துப்போன ஒரு நிறம். சுவர் காய்ந்த பிறகு வாசலில் போடுவதற்குப் பதினோரு பெஞ்சு வந்து இறங்கியது. கட்டடத்துக்குப் பொருத்தமாகப் பெஞ்சுக்கு என்ன நிறம் அடிப்பது என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே புறத்தோற்ற ஒத்திசைவுப் பிரிவு என்று ஒன்றை உண்டாக்கி, யோகேஸ்வரன் என்பவரை அதற்கு அலுவலராகப் போட்டார்கள். நாற்பத்தெட்டுச் சாயல்கள் கொண்ட கலர் அட்டைப் புத்தகத்தைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்தபடிதான் அவர் நடப்பார். முதலில் பெஞ்சுகளுக்கு நீலம் அடித்தார்கள். 'கடலோடு போட்டி போடுகிறது' என்று நிறத்துக்கென்று போட்ட கமிட்டி எழுதியது. அப்புறம் பச்சை அடித்தார்கள். கரையில் கிடந்த படகும் பச்சை. பெஞ்சைப் படகு என்று நினைத்து யாராவது கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று ஓர் உறுப்பினர் கவலைப்பட்டார். கறுப்பு, சிவப்பு, காவி மூன்றையும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

கடைசியில் சுவரின் நிறத்தையே பெஞ்சுக்கும் அடிப்பது என்று முடிவானது. ஆனால் உப்புக்காற்று சுவரைத் தின்றுகொண்டே இருந்தது. பெஞ்சுக்கு அடித்தது காய்வதற்குள் சுவர் ஒரு சாயல் வெளுத்துவிடும். வெளுத்த சுவருக்கு ஏற்றாற்போலப் பெஞ்சை மாற்றினால் அதற்குள் சுவர் இன்னொரு சாயல் இறங்கியிருக்கும். சரி, பெஞ்சுக்கு ஏற்றாற்போலச் சுவரை அடிப்போம் என்று சாரம் கட்டினார்கள். சாரம் பிரிப்பதற்குள் பெஞ்சு வெளுத்துவிட்டது. இப்படி ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமும் பெஞ்சுகளைச் சுற்றிக் கயிறு கட்டி, 'பெயிண்ட் ஈரம்' என்று பலகை தொங்கியது. மனு கொடுக்க வந்தவர்கள் வெயிலில் நின்றார்கள்.

போன ஆனியில் ஒரு நாள் காலையில் அது கூடிவந்தது. சுவர் எங்கே முடிகிறது, பெஞ்சு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பார்வையிட வந்த மேலதிகாரி பெஞ்சு இல்லாத இடத்தில் உட்கார்ந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே பாராட்டுக் கடிதம் எழுதி அனுப்பினார். மூன்று நாள் ஆபீஸே கொண்டாட்டமாக இருந்தது. நாலாம் நாள் பெஞ்சில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார். அதுவும் ரோஸ் கலர் சட்டை. யோகேஸ்வரன் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை என்று சொல்வார்கள்.

தை மாதம் முதல் விசாரணைக்குப் பூமயில் வந்து சேர்ந்தபோது பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கேட்டைத் தாண்டியதும் ஆபீஸ் பியூன் தங்கப்பாண்டி எதிரே வந்தார். அவர் கையில் சண்டு வத்தல் நிறத்தில் மடித்த துணிகள் ஓர் அடுக்கு இருந்தன. மேலே ஒன்றை உருவி நீட்டினார். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொங்கும் அங்கி.

"இதப் போட்டுக்கிட்டு ஒக்காருங்க."

"எதுக்குய்யா? எனக்கென்ன சீக்கா?"

"சீக்கு இல்லம்மா, கலரு. பெஞ்சு கட்டடத்துக்கு ஒத்துப்போயிருச்சு. நீங்க ஒத்துப்போகல. போடாட்டி கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். அங்கன நின்னா பேரு கூப்புடுறது கேக்காது."

பூமயில் அன்றைக்கு மிளகாய்ச் சிவப்பில் சேலை கட்டியிருந்தாள். நிலம் போய்விடும் என்கிற பயத்துக்கு முன்னால் சேலையாவது நிறமாவது. அங்கியில் ஒரு கையை நுழைத்தாள். அப்போது காதுக்குப் பக்கத்தில் யாரோ, "வேணாக்கா" என்றார்கள். அடைத்துப்போன, மெல்லிய குரல். திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. அங்கியின் இன்னொரு கையை ஏதோ பிடித்து இழுத்தது.

"யாரது?" என்றாள்.

"காத்து" என்றார் தங்கப்பாண்டி, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே. "கடக்கரைல அப்பிடித்தான்."

அவள் அங்கியை இறுக்கிப் பிடித்து இன்னொரு கையையும் நுழைத்துக்கொண்டாள்.

பெஞ்சைத் தடவிப் பார்த்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் யாரோ இருமினார்கள். பார்த்தால் வெறும் பெஞ்சு. அதன் அடியில் குதிகால் தேய்ந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது. சாலையோரத்தில் டீக்கடை போட்டிருக்கும் காலிதா கம்பிக் கூடையில் எட்டு கிளாஸ் டீ கொண்டுவந்தாள். ஒன்றைப் பூமயில் கையில் கொடுத்தாள். மிச்சம் ஏழையும் காலிப் பெஞ்சில் இடம் விட்டு இடம் விட்டு வைத்துக்கொண்டே போனாள். பூமயில் தன் டீயை ஊதிக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த ஏழு கிளாஸும் காலியாக இருந்தன.

"ஆருக்கும்மா இம்புட்டு டீ?"

"ஆளுகளுக்குத்தான்."

"ஆளு எங்க?"

காலிதா கூடையை எடுத்துக்கொண்டாள். "மொத நாளா வாரியளாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள். பூமயிலுக்கு முதுகில் சில்லென்று ஏறியது. பங்குனி வெயில் மாதிரி அடித்த தை வெயிலில் அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பதினோரு மணிக்குத் தங்கப்பாண்டி வாசலில் நின்று கூப்பிட்டார். "சிக்கல் பூமயில்! சிக்கல் பூமயில்! சிக்கல் பூமயில்!"

"இந்தா இருக்கேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.

நிலத்தை விசாரிக்கும் அதிகாரி பதவி ரெண்டு வருஷமாகக் காலி. அதனால் நிறத்தைப் பார்க்கும் யோகேஸ்வரனே கூடுதல் பொறுப்பில் நிலத்தையும் பார்த்தார். அவர் எதிரில் ஒரு டிவி இருந்தது. வாசல் பெஞ்சுகளின் மேல் மாட்டிய கேமரா எடுப்பது அதில் தெரியும். மூலையில் ஓர் எண் ஓடும். அப்போது அது பூஜ்யத்தில் நின்றது.

யோகேஸ்வரன் பூமயிலைப் பார்த்தார். அப்புறம் அவளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அருமை! எங்க நிக்கிறீங்கன்னே தெரியல."

"நாந்தாங்கய்யா பூமயிலு. ஆசர் போட்டுக்கங்க."

"ஆஜர் போடறது நான் இல்லம்மா, கேமரா. கூப்பிட்டப்ப பெஞ்சுல ஆள் இருந்ததா அது காட்டல. பூஜ்யம்னு காட்டுது பாருங்க."

"அது கெடக்கட்டுங்கய்யா. நா பேசுறது ஒங்களுக்குக் கேக்குதுல்ல?"

"நல்லாவே கேக்குது. ஆனா குரலுக்கு ஆஜர் போட விதியில இடமில்ல. நேரில்னுதான் போட்டிருக்கு."

பூமயிலுக்கு ரத்தம் கொதித்தது. விறுவிறுவென்று வாசலுக்குப் போய், அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிவப்புச் சேலையோடு பெஞ்சின் மேல் ஏறியே நின்றாள். டிவியில் ஒன்று என்று விழுந்தது. உடனே மணி அடித்தது. ஒத்திசைவு மீறல். தங்கப்பாண்டி ஓடிவந்து அவளைக் கைப்பிடித்து இறக்கி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். மீறியவர்களுக்கு அன்றைய ஆஜர் கிடையாது என்பது விதி எண் பதினேழு.

அவள் கிளம்பும்போது யோகேஸ்வரன் கேட்டின் கம்பிகளுக்கு உள்பக்கம் வந்து நின்று அன்பாகவே எடுத்துச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நல்ல பெஞ்சுன்னா எது? இருக்கறதே தெரியக் கூடாது. மனுதாரரும் அப்படித்தான். முன்னாடி இந்த வாசல்ல தினம் நாப்பது பேர் நிப்பாங்க. எவ்வளவு அசிங்கம்! இப்ப பூஜ்யம். வர்றது நிக்கல, தெரியறதுதான் நின்னிருக்கு. நிர்வாகம்னா வேற என்னம்மா?"

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் குளிக்கும்போது கையில் ஒரு பூச்சு ஒட்டியிருந்ததைப் பூமயில் பார்த்தாள். வேர்வையில் அங்கியின் சாயம் இறங்கியிருந்தது. தேங்காய்நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தாள். தோல் எரிந்ததே தவிரச் சாயம் போகவில்லை.

"என்னம்மா, கை சண்டு அடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள் மாரிச்செல்வி.

"வெயிலு" என்றாள் பூமயில். மகளைப் பயமுறுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

மேலிடத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டாள். மேலிடம் அதைக் கவனமாகப் படித்து, தக்க நடவடிக்கைக்காக யோகேஸ்வரனுக்கே அனுப்பி வைத்தது.

மாசியில் ரெண்டாவது விசாரணை. ஆஜர்தானே தகராறு, சாட்சியே கொண்டுபோவோம் என்று பூமயில் ஒரு சின்ன மூட்டை கட்டினாள். முதல் பறிப்பு, குண்டு குண்டாக, கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் போடும் வத்தல். தரிசில் இது விளையுமா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும் என்று நினைத்தாள். பஸ்ஸில் ஒரு பெண் வந்து அவள் மடியிலேயே கூடையை வைத்தாள். "ஏய், ஆளு இருக்கு" என்ற பிறகு திடுக்கிட்டு எடுத்தாள். கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்கவே இல்லை. பூமயில் அதை லாபம் என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கியைப் போடாமல் உள்ளே விட மாட்டார்கள் என்று ஆகிவிட்டது. போட்டாள். மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்று முறையும் பதில் சொன்னாள். டிவியில் பூஜ்யம். அவள் மூட்டையோடு உள்ளே போய் யோகேஸ்வரன் மேஜையில் அவிழ்த்துக் கொட்டினாள். அந்த அறையில் சிவப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். யோகேஸ்வரன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அட்டைப் புத்தகத்தை எடுத்து நாற்பத்தெட்டுச் சாயலையும் மிளகாயோடு வைத்து வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு நம்ம அட்டையில இல்லையேம்மா."

"அட்டைல இல்லாட்டி என்னங்கய்யா, காட்டுல இருக்கு. வந்து பாருங்க."

"சாட்சிப் பொருளும் புறத்தோற்ற விதிக்கு உட்பட்டதுதான். இத நான் கோப்புல சேர்க்க முடியாது. கட்டடத்தோட ஒத்துப்போற மாதிரி வெளிறின மிளகாய் எதுவும் வெளையாதா?"

"அது வெளையிறதில்லைங்கய்யா. வெளஞ்சது கெட்டுப்போனா அப்பிடி ஆகும். சண்டும்பாக."

யோகேஸ்வரன் கண்ணில் வெளிச்சம் வந்தது. "அப்ப அதக் கொண்டாங்க. சேர்த்துக்கறேன்."

சண்டு வத்தலைக் கொண்டுவந்தால் என்ன எழுதுவார் என்று பூமயிலுக்குத் தெரியும். 'விளைச்சல் பாழ், நிலம் தகுதியற்றது' என்று எழுதுவார். அவள் மிளகாயை அள்ளி மூட்டை கட்டினாள். ஒரு மிளகாய் மேஜைக்கு அடியில் உருண்டு போயிருந்தது. தங்கப்பாண்டி அதைக் குனிந்து எடுத்து, ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தபோது காலிதா பெஞ்சிலிருந்து கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே பேசினாள்.

"அந்தத் துணிய வேர்க்க வேர்க்கப் போட்டுருக்காதியக்கா. நா கண்ண நம்புறதில்ல, கிளாஸத்தான் நம்புறேன். ஏழு வச்சா ஏழும் காலியா வருது. ஆனியில ஒண்ணுதான் வச்சேன்."

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருக்க? வாரவுகள்ட்ட சொல்ல வேண்டியதுதானம்மா?"

"சொன்னா எங் கடைய எடுத்துருவாக. பச்சக் கலர் தார்ப்பாய்னு ஏற்கெனவே நோட்டீஸ் ஒட்டியிருக்காக." அவள் கிளாஸ்களைக் கூடையில் செருகினாள். "அல்லா என்னய மன்னிக்கணும்."

பங்குனி ஐந்தாம் தேதி மூன்றாவது விசாரணை. பூமயில் தீர்மானத்தோடு கிளம்பினாள். அங்கி கிடையாது. கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சிவப்புப் பட்டைக் கட்டினாள். மணி அடித்தால் அடிக்கட்டும், பேர் கூப்பிடுகிற நேரத்தில் கேமராவில் ஒருதரம் விழுந்துவிட்டால் அப்புறம் அவள் இல்லை என்று யார் சொல்ல முடியும்? மகளிடம், "அடுத்த பறிப்புக்கு ஆளு சொல்லி வையி, பொழுதுக்குள்ள வந்துருவேன்" என்றாள்.

பஸ்ஸில் சரியான கூட்டம், சரியான புழுக்கம். வேர்த்து ஊற்றியது. தேவிபட்டினம் தாண்டும்போது சேலையின் மடிப்பைப் பார்த்தாள். அரக்குச் சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. திருப்பாலைக்குடி நெருங்கும்போது அந்த மங்கிய சிவப்பும் இல்லை. இத்தனை நாளாக உடம்பில் ஊறிக் கிடந்த சாயம் உள்ளிருந்து பட்டுக்கு ஏறிவிட்டது. இறங்கும் இடத்தில் "ஆளு எறங்கணும்" என்று கத்தினாள். கண்டக்டர் போகலாம் என்று விசில் அடித்தார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தாள்.

கேட்டில் தங்கப்பாண்டி அவளை நிறுத்தவில்லை. அங்கி நீட்டவில்லை. அவள் அவர் முகத்துக்கு நேரே நின்று, "நா அங்கி போடல, பாத்தீகளா?" என்றாள். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு அவளைத் தாண்டிச் சாலையைப் பார்த்தார். அவள் பேசியது குரலே இல்லை, தொண்டையிலிருந்து வந்த வெறும் காற்று என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கு விருது கொடுக்கிற கமிட்டி வேறு வந்திருந்தது. 'காத்திருப்போர் இல்லா அலுவலகம்' என்று மாநில அளவில் ஒரு கேடயம். யோகேஸ்வரன் மைக்கில் பேசினார். "நாங்கள் பெஞ்சுக்கு நிறம் தேடினோம். தேடும்போதுதான் தெரிந்தது, பிரச்சினை பெஞ்சில் இல்லை, உட்காருபவர்களிடம் இருக்கிறது. பெஞ்சைக் கட்டடத்துக்கு ஒத்துப்போகச் செய்ய ரெண்டு வருஷம் ஆனது. மக்களுக்கு எட்டே மாதம்தான் ஆனது. மக்கள் மரத்தைவிட இளகியவர்கள் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட விரும்புகிறேன்." எல்லோரும் கை தட்டினார்கள். கமிட்டித் தலைவர் பெஞ்சைத் தடவிப் பார்த்து ஜாக்கிரதையாக உட்கார்ந்தார்.

"பெஞ்சு சூடா இருக்கே?" என்றார்.

"வெயில் சார்" என்றார் யோகேஸ்வரன்.

"மூச்சு விடற மாதிரியும் இருக்கு."

"கடல் சார்."

பதினோரு மணிக்கு மூன்று முறை கூப்பிட்டார்கள். பூமயில் மூன்று முறையும் நெஞ்சு வெடிக்கக் கத்தினாள். கேமராவுக்கு நேரே கையைத் தூக்கி ஆட்டினாள். டிவியில் பூஜ்யம் அசையவில்லை. மணிகூட அடிக்கவில்லை. அரை மணி நேரத்தில் தங்கப்பாண்டி வந்து சுவரில் உத்தரவை ஒட்டினார். மூன்று விசாரணையிலும் ஆஜராகவில்லை. ஆளில்லாத் தரிசு என்பது உறுதி செய்யப்பட்டது. கம்பெனி வேலையைத் தொடங்கலாம்.

பூமயில் அந்தக் காகிதத்துக்கு எதிரிலேயே பெஞ்சில் சாய்ந்தாள். வாய்விட்டு அழுதாள். முப்பது வருஷமாக அவள் காலடி படாத ஒரு சாண் அந்த நிலத்தில் கிடையாது.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்கக்கா. எம் மடி."

திரும்பினாள். சுவரிலிருந்து ஒரு முகம் பிரிந்து வந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. கண் பழகப் பழக எல்லாம் தெரிந்தது. பெஞ்சுகளில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சண்டு வத்தல் நிறத்தில், மடியில் மனுவோடு.

"நா இஃப்திகார், திருப்பாலைக்குடி. மொத நா நாந்தான் ஒங்கள்ட்ட வேணாம்னேன், துணியப் புடிச்சு இழுத்தேன். நீங்க காத்துன்னு நெனச்சிய." வலை காயப்போடும் இடத்துக்காக அவர் வந்து எட்டு மாதம் ஆகிறது. படகெல்லாம் கடலுக்குப் போன நேரம் பார்த்து வந்து அளந்து, ஆளில்லாத இடம் என்று எழுதியிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போகலையா தம்பி?"

"போனேன். எம் பொண்டாட்டி எங்கிட்டக்கவே நின்னுக்கிட்டு, அவர் எங்க, அவர் எங்கன்னு அழுகுறா. பாக்க முடியல. திரும்பி வந்துட்டேன். இங்கன இருந்தா டீயாச்சும் வருது."

பூமயில் செல்லை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "அம்மா, ஒரே காத்துச் சத்தமா இருக்கு, சத்தமாப் பேசு" என்றாள் மாரிச்செல்வி. சத்தமாகத்தான் பேசினாள். செல் அணைந்துபோகும் வரை பேசினாள். சாலைக்கு ஓடிக் கையைக் காட்டினாள். பஸ்கள் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மாரிச்செல்வி வந்து இறங்கினாள். பச்சைத் தாவணி, கையில் அம்மாவின் போட்டோ, கண் வீங்கியிருந்தது. பூமயில் எழுந்து ஓடினாள்.

"எங்கம்மா பங்குனி அஞ்சாந் தேதி இங்கன வந்துச்சுண்ணே. வீடு திரும்பல. காட்டுல மெசினு வந்து நிக்குது" என்றாள் மாரிச்செல்வி.

தங்கப்பாண்டி பதிவேட்டைப் புரட்டினார். "ஆஜராகலையேம்மா."

"அப்ப நா யார்ட்ட கேக்குறது?"

"மனு குடுக்கலாம். பேரு கூப்புடுவாக." அவர் அடுக்கிலிருந்து ஓர் அங்கியை உருவினார். சட்டைப் பையில் ஒரு மிளகாயின் காம்பு தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே யோகேஸ்வரன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டார். "அதுவரைக்கும் இதப் போட்டுக்கிட்டு ஒக்காருங்க."

"போடாதடி செல்வி! என்னப் பெத்தவளே, போடாத!"

மாரிச்செல்வி சட்டென்று நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுண்ணே."

"காத்து" என்றார் தங்கப்பாண்டி, செருப்பைப் பார்த்துக்கொண்டே. "கடக்கரைல அப்பிடித்தான்."

அவள் ஒரு கையை நுழைத்தாள். பூமயில் இன்னொரு கையை ரெண்டு கையாலும் பிடித்து, காலை மண்ணில் ஊன்றி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். இஃப்திகார் வந்து கூடப் பிடித்தார். அப்புறம் மற்ற ஆறு பேரும் வந்து பிடித்தார்கள்.

"என்னா காத்துண்ணே, இந்த இழுப்பு இழுக்குது!" மாரிச்செல்வி அங்கியை வெடுக்கென்று பிடுங்கினாள். காட்டில் மூட்டை தூக்கிய கை. எட்டுப் பேரும் சேர்ந்தும் ஈடு கொடுக்க முடியவில்லை. அம்மாவைக் கண்டுபிடிக்காமல் போகக் கூடாது என்ற வைராக்கியத்தில் அவள் இன்னொரு கையையும் நுழைத்து, கழுத்துவரை பொத்தானைப் போட்டாள்.

சாலையோரம் காலிதா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கம்பிக் கூடையில் ஒன்பதாவது கிளாஸைச் செருகினாள்.